இரண்டு பார்சல் வேன்களுக்கு நடுவே

ஒட்டவில்லை. மூன்றாவது தடவையாக வைத்து அழுத்துகிறேன், வழுக்கிக்கொண்டு போகிறது. பார்சல் வேனின் பக்கவாட்டுக் கதவு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிச் செங்காவி வண்ணம் அடித்துக் கோடு கோடாகக் கீறி, குண்டூசியை வளைத்துக் கைப்பிடியும் வைத்தாயிற்று, இவ்வளவு செய்தபிறகு ஒட்டமாட்டேன் என்கிறது. பசை பழசு. பழைய பசையைத் தலையில் கட்டிவிட்டான் கடைக்காரன். இல்லை, நேற்றுத்தான் வாங்கினேன், நானே மூடியை உடைத்தேன். பசை நன்றாகத்தான் இருக்கிறது, காயும்வரை பிடித்துக்கொண்டிருக்க எனக்குத்தான் பொறுமை இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து இப்படித்தான். பால்காரர் பாக்கெட்டைக் கதவோரம் எறிந்தபோது அவர்மேல் கோபம் வந்தது, மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தபோது அவர்கள்மேல், காபி திரிந்துபோனபோது பால்மேல். காபி டம்ளரைக் கழுவாமல் அப்படியே தொட்டியில் போட்டேன், அது உருண்ட சத்தம் கேட்டு டம்ளர்மேலும் கோபம் வந்தது. அறுபத்து நான்கு வயதுப் பொம்பளைக்கு டம்ளர்மேல் என்ன கோபம். யார்மேல் என்று எனக்குத் தெரியாதா. பதினோரு மணிக்கு ஜெகதீசன் சார் வருகிறார். மணி ஒன்பதரை. அதற்குள் இந்தக் கதவு ஒட்டவேண்டும், இந்த வேன் அந்த வேனுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தில் நிற்கவேண்டும், அவர் வந்து பார்க்கவேண்டும். கிட்டத்தில் வந்து, குனிந்து பார்க்கவேண்டும்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ப்ளைவுட் பலகை. அதன்மேல் எங்கள் ஜங்ஷனின் பழைய பார்சல் ஆபீஸ், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். ஒரு பிளாட்பாரம், அதை ஒட்டி வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஒரே ஒரு சைடிங் லைன், அதில் சரக்கு ஏற்றும் ரயில்பெட்டிகளான இரண்டு பார்சல் வேன், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். எடை மெஷின், தள்ளுவண்டிகள், வெற்றிலைக் கட்டுகள், மீன் பெட்டிகள், சுவர்க் கடிகாரம். மூன்று மாசமாகச் செய்கிறேன். முப்பத்தாறு வருஷம் பார்சல் கிளார்க்காக இருந்தவளுக்கு ரிட்டயர் ஆனபிறகு கை சும்மா இருக்கவில்லை, முதலில் அட்டையில் ஒரு சிக்னல் கம்பம் செய்தேன், அப்புறம் ஒரு கேட், போன வருஷம் ஒரு சின்ன ஸ்டேஷன். சர்ச் விழாவில் அதை வைத்தபோது ஓய்வு பெற்றோர் சங்கத்துக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். சங்கத்தின் செயலாளர் ஜெகதீசன் சார். எங்கள் பார்சல் ஆபீஸின் சூப்பர்வைசராகப் பதினெட்டு வருஷம் இருந்தவர், எனக்கு மேலதிகாரி, இப்போது எழுபத்தைந்து வயது. போனில் கூப்பிட்டார். சௌந்தரி, ஆண்டு விழாவுக்கு நம்ம பார்சல் ஆபீஸை அப்படியே செஞ்சு குடும்மா, ஹால் வாசல்லயே வச்சிரலாம், பிள்ளைங்க பார்க்கட்டும் என்றார். நான் சரிங்க சார் என்றேன். எழுபத்தைந்து வயதிலும் அவர் குரலைக் கேட்டால் என் வாயிலிருந்து வருவது சரிங்க சார்தான், வேறு ஒன்றும் வராது, போனை வைத்தபிறகு என் வாய்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நின்றுகொண்டு வேறு பேசியிருக்கிறேன். என் வீட்டுக்குள், போனில், எழுந்து நின்று.

அப்படியே செஞ்சு குடு என்றார். அப்படியே. என்ன தைரியம். மறந்துபோயிருக்கும் அவருக்கு, அப்படி ஒரு மனசு இருந்தால் எவ்வளவு சௌகரியம், எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஊதுகிறேன், பசையின்மேல் ஊதுகிறேன், காயட்டும். தொண்ணூற்று நாலு ஜூலை, மத்தியானம் மூன்று நாற்பது. சோழவந்தான் வெற்றிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சைடிங்கில் இரண்டு வேன் நின்றது, இரண்டுக்கும் நடுவே நாலடி இடைவெளி. வேன் ஓரத்தில் சிவப்புக் கொடி குத்தியிருந்தது, ஆள் வேலை செய்கிறான், வண்டியைத் தொடாதே என்று அர்த்தம், அந்தக் கொடி நிற்கும்வரை எஞ்சின் கிட்டே வரக்கூடாது. வேனை இணைக்கவேண்டிய மெயில் வண்டி லேட்டு, மேலேயிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, ஜெகதீசன் சார் பிளாட்பாரத்தில் நடையாய் நடந்தார். போர்ட்டர் மாசிலாமணி தள்ளிக்கொண்டு வந்த வண்டியிலிருந்து ஒரு வெற்றிலைக் கட்டு சரிந்து இரண்டு வேன்களுக்கும் நடுவே லைனில் விழுந்தது. அதை எடுக்க அவர் இறங்கினார். நான் என் மேசையில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தேன், என் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜெகதீசன் சார் கொடிக்குக் கிட்டே வந்தார். ஒரு இழு. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், கல்யாண வீட்டில் துண்டை வைத்துக்கொள்வதுபோல. எஞ்சின் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார். வேன் நகர்ந்தது. ரொம்ப மெதுவாகத்தான் நகர்ந்தது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை, ஓடுகிற ரயில் இல்லை, ஒரு ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை, சத்தம் போட நேரம் இருந்தது, நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பில்லில் எழுத்து பிழையாகிவிடுமே என்று அந்த வரியை முடித்தேன். எழுதி முடித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து, அதற்குப் புள்ளி வைத்தேன்.

கதவு ஒட்டிவிட்டது. கோணலாக ஒட்டிவிட்டது. பிய்க்கலாமா, பிய்த்தால் வண்ணம் உரியும். இருக்கட்டும் கோணலாக, அந்த ஆபீஸில் எது நேராக இருந்தது. விசாரணை வைத்தார்கள். வேனுக்குள்ளே இருந்த போர்ட்டர்கள் எதையும் பார்க்கவில்லை. எஞ்சின்காரர் யாரோ கை காட்டினார்கள், கண்ணில் வெயில் அடித்தது, யாரென்று தெரியவில்லை என்றார். மிச்சம் இருந்தது நான். மாசிலாமணி செத்த அன்றே சாயங்காலம் ஜெகதீசன் சார் என் மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், அதற்குமுன் ஒருநாளும் என் மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. உங்க அம்மா எப்படிம்மா இருக்காங்க என்று கேட்டார். அம்மா பக்கவாதத்தில் குவார்ட்டர்ஸில் படுத்த படுக்கை, ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்திருந்தாள், அது அவருக்கும் தெரியும். இந்தச் சமயத்துல உன்னை எங்கேயாவது மாத்திட்டா அவங்க என்ன பண்ணுவாங்க என்று கவலையோடு சொன்னார். கவலையோடுதான், மிரட்டலே இல்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். அப்புறம் வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்து, உன் ஜன்னலுக்கு நேரே தூண் இருக்கே, அது மறைச்சிருக்கும் இல்லையா என்றார். எழுதினேன். நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து சம்பவ இடம் தூண் மறைத்ததால் தெரியவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். கீழே ஞானசௌந்தரி என்று போட்டேன். தூண் மறைத்தது. தூண் மறைத்தது. முப்பது வருஷமாக இந்தத் தூண் என் நெஞ்சுக்குள் நட்டுக்கொண்டு நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவ அறிக்கை வாசிக்கும்போது எல்லாப் பாவத்துக்கும் வாய் வந்தது, இதற்கு மட்டும் உதடு அசையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பூரணம் வந்தாள். மாசிலாமணியின் பெண்டாட்டி. ஆபீஸ் வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை, ஒன்பது வயது இருக்கும், ஸ்கூல் யூனிஃபார்மில். கிளார்க்கம்மா, நீங்க பார்த்தீங்களா என்று கேட்டாள். தூண் மறைச்சிருச்சும்மா என்றேன். வாயிலிருந்து எவ்வளவு சுளுவாக வந்தது. அவள் திரும்பி அந்தத் தூணைப் பார்த்தாள். அப்புறம் என் ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன், ஆனால் அவள் தூணைப் பார்த்தது வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான். இன்னொன்றும் கேட்டாள். அது இப்போது வேண்டாம். அது வேண்டாம், மீன் பெட்டிகளை அடுக்கவேண்டும், பெட்டிகளுக்கு மேலே ஐஸ் மாதிரித் தெரிய உப்பைத் தூவி ஒட்டியிருக்கிறேன், இரண்டு பெட்டியில் உப்பு உதிர்ந்துவிட்டது. யார் இந்த உப்பை உதிர்த்தது. நான்தான், முழங்கை பட்டு. மணி பத்து பத்து.

எதற்குச் செய்தேன் இந்தப் பலகையை. சங்கத்துக்காக என்றால் பொய். ஜெகதீசன் சார் போனில் கேட்டதும் எனக்குள் ஒரு அல்ப ஆசை எழுந்தது, அதைச் சொன்னால் காறித் துப்பலாம். ஒருவேளை தூண் உண்மையிலேயே மறைத்திருந்தால்? முப்பது வருஷத்தில் ஞாபகம் தடம் மாறும் என்கிறார்களே, நான் பார்த்ததாக நினைப்பது கனவாக இருந்தால்? அளந்து செய்தால் தெரிந்துவிடும். பார்சல் ஆபீஸ் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, பழையது பூட்டிக் கிடக்கிறது, ஆனால் பிளாட்பாரமும் ஜன்னலும் தூணும் அப்படியே இருக்கின்றன. டேப் எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னலிலிருந்து தூண், தூணிலிருந்து லைன், மேசை இருந்த இடத்தில் தரையில் இன்னும் நாலு கால் தடம். ஒவ்வொரு அளவாக எழுதிக்கொண்டு வந்து எண்பத்தேழால் வகுத்து அட்டையில் வெட்டினேன், ஒரு மில்லிமீட்டர் தப்பவிடவில்லை, தூணை ஒட்டும்போது பிரார்த்தனை பண்ணிக்கொண்டே ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பின்பக்கம் குனிந்து, மேசை இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து, அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூண் வலது ஓரத்தில் நின்றது. இரண்டு வேனும் தெரிந்தன. நடுவே இருந்த இடைவெளி முழுசாகத் தெரிந்தது. சிவப்பு நூலில் செய்து ஓரத்தில் குத்தியிருந்த கொடி தெரிந்தது. அன்றைக்கு அந்தத் தூணைப் பிடுங்கிக் கையால் நசுக்கி எறிந்தேன், மறுநாள் வேறு செய்து அதே இடத்தில் ஒட்டினேன். எனக்குக் கிடைக்கவேண்டிய மன்னிப்பு ரெண்டு விரல்கடை தள்ளி நிற்கிறது.

இன்னும் ஒன்று. ஆபீஸின் பழைய வரைபடம் ஒன்று என்னிடம் இருந்தது, மடித்து மடித்துக் கிழிந்துபோனது. அதை ஜெராக்ஸ் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். கடையில் முப்பத்தொன்பது, நாற்பது வயதில் ஒரு பெண், கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தாள். மெஷினில் தாளை வைத்துக்கொண்டே என்ன ப்ளான் மேடம், வீடு கட்டுறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் பின்னால் சுவரில் லைசென்ஸ் மாட்டியிருந்தது, மா. தவமணி. மாசிலாமணியின் மகளைப் பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனால் தவமணி என்ற பெயரை அவர் ஆபீஸில் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார், தவமணி இதைக் கேட்டா, தவமணி அதை வரைஞ்சா. அப்பன் செத்த இடத்தை மகள் கையாலேயே நகல் எடுத்துக்கொண்டு வந்தவள் நான். அன்று வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் பலகையைத் தொடவில்லை. அவர்மேல் கோபம், ஜெகதீசன் சார்மேல்தான், அவரால்தான் நான் இப்படிப் பொய்மேல் பொய்யாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அவர்தான் தாளை வைத்தார், அவர்தான் சொல்லச் சொன்னார், அவர்தான், அவர்தான். இன்றைக்கு வரட்டும். குனிந்து அந்த ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும். வேறு ஒன்றும் வேண்டாம், அவர் முகம் மாறுவதை நான் பார்க்கவேண்டும்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார், எப்போதும் முன்னாலேயே வருகிற ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. முழங்கால் வலி, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், இதற்கும் அவர்மேல் கோபம் வந்தது. பலகையைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. எடை மெஷினைத் தொட்டுப் பார்த்தார், கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது என்று வைத்திருந்ததைக் கவனிக்கவில்லை. பலகையின் முன்னால் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம், உன் பெயரைப் பெரிசாகப் போட்டுக் கீழே வழிகாட்டுதல் என்று என் பெயரைச் சின்னதாகப் போடு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் வேன்களைப் பார்த்தார்.

“இது ரெண்டும் ஏன்மா தள்ளித் தள்ளி நிக்குது? சேர்த்து வை, பார்க்க நல்லா இருக்கும்.”

சொல்லிக்கொண்டே ஒரு விரலால் வேனைத் தள்ளினார். சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது, எவ்வளவு சின்னச் சத்தம். வேன் போய் வேனில் மோதி டக்கென்று மாட்டிக்கொண்டது.

“கையை எடுங்க சார்.”

என் குரல்தான். பசை காயவில்லை என்று நினைத்து அவசரமாக விரலை எடுத்துவிட்டு, விரலைப் பார்த்தார். பின்பக்கம் வந்து குனிந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள் என்றேன். முழங்கால் வளையாதும்மா என்றார். மூன்று மாசமாக நான் காத்துக்கொண்டிருந்த ஒரே காரியம், அதுவும் முழங்காலால் போயிற்று. அப்படியானால் நானே சொல்லிவிடுகிறேன் என்று சொன்னேன். என் மேசை இங்கே, தூண் அங்கே, அளந்து வைத்திருக்கிறேன், தூண் எதையும் மறைக்கவில்லை.

“நீங்க கொடியைப் பிடுங்கிக் கக்கத்துல வச்சதை நான் பார்த்தேன் சார்.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தேன், முப்பது வருஷத்துக் கத்தலைத் தொண்டைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வண்டி நாற்பது நிமிஷம் லேட்டு, போன்மேல் போன், அவன் உள்ளே இறங்குவான் என்று நான் கண்டேனா என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் தூக்கம் போச்சும்மா என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார். இவ்வளவுதானா, இவ்வளவு சின்னதா, எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை, கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அப்போது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தூண் மறைச்சதுன்னு எழுதச் சொன்னது நான்தான். இல்லைங்கல. ரெண்டாவது வரியை நான் சொல்லலையே சௌந்தரி. வேற ஏதாவது தோணினா சேர்த்துக்கன்னுதான் சொன்னேன். அதை நீயாத்தானே எழுதின.”

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இரண்டாவது வரி. மாசிலாமணியிடம் அன்று மது வாடை இருந்ததாகத் தோன்றியது. தோன்றியது என்று எழுதினேன், நல்ல தமிழில். யாரும் கேட்கவில்லை. முதல் வரியை எழுதி முடித்ததும் தாளில் நிறைய இடம் மிச்சம் இருந்தது, ஒரு வரி மட்டும் இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று பட்டது, அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் ஏதோ எதிர்பார்ப்பதுபோல இருந்தது, அல்லது இல்லவே இல்லை, நானே நினைத்துக்கொண்டேன். செத்தவன்மேல் ஒரு தப்பு இருந்தால்தான் எனக்கு மூச்சு விட முடியும் என்று இருந்தது. அவ்வளவுதான். மாசிலாமணி அன்று இரண்டு மணிக்கு என் மேசைக்கு வந்து, கூஜாவிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார், கையெட்டும் தூரத்தில் நின்றார், அவரிடம் வெற்றிலை வாசனை, வெற்றிலை மட்டும்தான். அந்த வரி மறுநாளே வெளியே பரவிவிட்டது, பூரணம் வாசலில் நின்று கேட்ட இன்னொன்று அதுதான். குடிச்சிருந்தாராம்மா, விட்டுட்டேன்னு புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரே என்றாள். நான் ரிஜிஸ்டரைத் திறந்து எதையோ தேடினேன். அவள் பதிலுக்காக நின்றாள். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், அவள் போகும்வரை.

ஜெகதீசன் சார் எழுந்தார். இது ஹாலுக்கு வரவேண்டாம், பழைய போட்டோக்கள் இருக்கின்றன, அவற்றை மாட்டிக்கொள்கிறோம் என்றார். நீ போய் யார்கிட்ட சொன்னாலும் எழுதினது உன் கை என்று சொன்னார், அதையும் கவலையோடுதான் சொன்னார். படியிறங்கத் தடுமாறினார், நான் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். பழக்க தோஷம். வாசலில் நின்று அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கதவைப் பூட்டினேனா இல்லையா என்று தெரியவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன், பஸ் ஸ்டாண்டு என்று சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. டிரைவர் ஏதோ ரேட்டைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசினார், வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பாவம். திரும்பிப் போய்விடலாம், இன்னும் ரெண்டு சிக்னல் இருக்கிறது, தவமணிக்குத் தெரியாமல் முப்பது வருஷம் போனதுபோல மிச்சமும் போகும், கிழவி ஒருத்திக்கு எதற்கு இந்த வீம்பு. யாருக்கு நல்லது. எனக்குத்தானே. பாரத்தை இறக்கிவைக்க ஆள் தேடிக்கொண்டு போகிறேன், அதுவும் யார் தலையில் பார். இந்த நினைப்பும் ஒரு தூண்தான். ஆட்டோ நின்றது.

கடையில் மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன், ஒருவர் போக இருவர் வந்தார்கள். மேடம், வீடு முடிஞ்சுதா என்று தவமணி என்னை அடையாளம் கண்டு கேட்டாள். நான் யாரென்று சொன்னேன். பார்சல் ஆபீஸ் கிளார்க் என்றதும் மெஷினின் மூடியைத் திறந்தபடி அப்படியே நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஆட்களை வைத்துக்கொண்டே சொன்னேன், முதல் வரியையும் இரண்டாவது வரியையும். மூடி திறந்திருந்ததால் வெளிச்சம் அவள் முகத்தில் கோடு கோடாக ஓடி ஓடி நின்றது. அவள் அழவில்லை, திட்டவில்லை. நிற்கிறவர்களிடம் சாயங்காலம் வாங்க என்று சொன்னாள். ஷட்டரை இழுத்தாள், பாதியில் சிக்கியது, காலால் ஓங்கி உதைத்தாள்.

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க. வந்து எங்கம்மாகிட்ட சொல்லுங்க. ஏறுங்க.”

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள இடம் தேடினேன், அவள் தோளைப் பிடிக்கக் கை கூசியது, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வழியில் அவள் மேடு பள்ளம் பார்க்காமல் ஓட்டினாள். விழுந்தால் விழட்டும் என்று இருந்தது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு குறுகலான தெரு, இரண்டு வரிசை வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. பூரணம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது, ஆனால் என்னைப் பார்த்ததும் கிளார்க்கம்மா என்றாள், உடனே. எழுந்திருக்கப் பார்த்தாள், மரியாதைக்காக. எழுந்திருக்காதே என்று நான் கிட்டத்தட்ட அதட்டினேன், எதிரே தரையில் உட்கார்ந்தேன். சுவரில் சாமி படங்கள், தவமணியின் கல்யாணப் படம். மாசிலாமணியின் படம் எங்கும் இல்லை. சொன்னேன். கொடியைச் சொன்னேன், தூணைச் சொன்னேன். அவள் கீரையை உருவிக்கொண்டே கேட்டாள், கை நிற்கவில்லை. இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றது.

“அவரு குடிக்கலையா?”

“குடிக்கலை பூரணம். வெத்தலை வாசனைதான் வந்துச்சு. நான் பொய்யா எழுதினேன். யாரும் எழுதச் சொல்லலை, நானா எழுதினேன்.”

தவமணி வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். லைனில் ஒரு கூட்ஸ் வண்டி போனது, முழுசாகப் போய் முடிந்தது. அப்புறம் பூரணம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“முப்பது வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டு இருந்தேனே. சத்தியத்தை மீறிட்டுப் போயிட்டியேன்னு, படத்தைக்கூட மாட்டாம.”

கீரையைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாயிருக்கும் என்று கன்னத்தைக்கூடத் திருப்பி வைத்துக்கொண்டேன், அது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். காய்ந்த கை, ஆனால் அப்படி ஒரு பிடி. வா என்றாள், முதல் தடவையாக என்னை நீ என்றாள். என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். நான் செருப்பு போடவில்லை, சிமெண்டு ரோடு கொதித்தது. கதவைத் திறந்தது ஒரு இளம்பெண், கையில் குழந்தை. இவங்க எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கேளும்மா என்றாள் பூரணம். என்னிடம் திரும்பி, சொல்லு என்றாள். சொன்னேன். அந்தப் பெண் குடிவந்து மூன்று வருஷம்தான் ஆகிறதாம், அவளுக்கு மாசிலாமணி யாரென்றே தெரியவில்லை, வெயிலில் நிற்கிறீர்களே, தண்ணீர் வேண்டுமா பாட்டி என்று என்னைக் கேட்டாள். பூரணம் வேண்டாம் என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு இழுத்தாள். அங்கே இருந்தவர்கள் தலையாட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள், உள்ளே டிவி சத்தம் திரும்பவும் உயர்ந்தது. எனக்கு இங்கே யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, டிவிமேல் வந்தது, என் குரல் அவ்வளவு தணிவாக இருந்ததன்மேல் வந்தது.

மூன்றாவது வீட்டில் பனியனோடு ஒரு கிழவர் வந்தார், ஈசி சேரிலிருந்து எழுந்து வந்த முகம். இவருதான் பாடை தூக்கும்போது குடிகாரப் பயலுக்கு எதுக்கு மேளம்னு கேட்டவரு என்று பூரணம் அவர் காதுபடவே என்னிடம் சொன்னாள். கிழவர் மறுக்கவில்லை. இந்தத் தடவை நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நான் முடித்தபிறகும் நிலையைப் பிடித்தபடியே நின்றார். காது சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லு என்றார். உண்மையிலேயே கேட்கவில்லையா, கேட்டதை நம்ப முடியவில்லையா, தெரியாது. மாசிலாமணி குடிக்கவில்லை, நான் பொய் எழுதினேன் என்று கத்தினேன். தொண்டையில் சேர்த்து வைத்திருந்த கத்தல் அதுதான் போலிருக்கிறது, எதிர் வரிசையில் இரண்டு ஜன்னல் திறந்தது. கிழவர் பூரணத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, நான் பேசினது தப்புத்தான் தாயி என்றார். பூரணம் என் மணிக்கட்டை விட்டுவிட்டாள். அவள் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. போதும் என்று சொல்லப்போகிறாள், வீட்டுக்குப் போ என்று சொல்லப்போகிறாள் என்று நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். நான் போய் நான்காவது வீட்டுக் கதவைத் தட்டினேன்.